பயிற்சி ஆசிரியைக்கு விருதுப் பரிந்துரை எழுத வேண்டும், கைகொடுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் நம்மவர்களிடம் ஓர் உதவி.

எங்கள் பள்ளிக்குப் பி.ஜி.சி.இ. (பட்டம் முடித்தவர்களுக்கான ஆசிரியர் படிப்பு) பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு நான்தான் மென்டார். பொருளியலும் பிசினஸும் எடுக்கிறார். பயிற்சி ஆசிரியர் விருதுக்கு அவர் பெயரை அனுப்ப ஆசை. எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, பொறுப்பானவர்' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. யாருக்கும் பொருந்துகிற வரி அது.

அவர் வகுப்போ அப்படியில்லை. போன மாதம் 12-ஆம் வகுப்பில் ஒரு பையனிடம் சாக்லேட் விற்றார். முதல் சாக்லேட்டுக்கு 1 பவுண்டு தருகிறேன் என்றவன், நாலாவதுக்கு 10 பென்ஸ் என்றான். ஐந்தாவது இலவசமென்றாலும் வேண்டாமாம்! அவன் சொன்ன விலைகளைப் பலகையில் புள்ளி வைத்து இணைத்தார். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோடு தானாகச் சரிந்து இறங்கியது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டை, அதாவது ஒரே பொருளை மேலும் மேலும் வாங்க அடுத்ததில் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போவதை, நான் இத்தனை வருடமாக வெறும் படம் போட்டே ஓட்டியிருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

காட்டுவதற்குப் பரீட்சை முடிவுகள் அவரிடம் இன்னும் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தபின் வரும் தொடக்கக் காலமே (induction) 2 வருடம். அதுவரை பொறுத்து, புது ஆசிரியர் பிரிவில் அனுப்புவது மேலா? அப்புறம், மாணவர்கள் எழுதிக் கொடுத்த வரிகளைச் சேர்க்கலாமா? முன்பு பரிந்துரை எழுதியவர்கள், பெயர்களை நீக்கிவிட்டு ஒரு மாதிரி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.