புதுப்பிப்பு: டிராஃப்ட் லீவர் வைத்தும் கலப்பை ஏறாத பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சின்ன டிராக்டரில் இரண்டு கொழு எம்.பி. கலப்பை (மண்ணைப் புரட்டும் கலப்பை). டிராஃப்ட் லீவரில் (இழுவை கூடினால் கலப்பையைத் தானாகத் தூக்கும் கட்டுப்பாடு) ஓட்டினாலும், கெட்டி மண்ணில் கலப்பை தானாக ஏறாமல் பின்சக்கரம் வழுக்கியது.

முதலில் பொசிஷன் லீவரை (கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும் லீவர்) முழுக்கக் கீழே இறக்கச் சொன்னார்கள். செய்தேன், மாற்றமில்லை. ஆனாலும் அது அவசியம். பாதியில் நின்றால் அந்த உயரத்துக்குக் கீழே கலப்பை இறங்காது.

பலித்தது, ராக்கர் பின்னைப் பார்க்கச் சொன்ன யோசனை. ராக்கர் என்பது டிராக்டரின் பின்பக்கம் டாப் லிங்க் (கலப்பையை இணைக்கும் மேல் தண்டு) மாட்டும் அசையும் துண்டு; அதன் அச்சாணிதான் ராக்கர் பின். மண் தடுக்கும்போது டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் ராக்கர் அசைந்து, ஸ்பிரிங் அமுங்கி, ஹைட்ராலிக் வால்வு திறந்தால்தான் கலப்பை ஏறும். என் வண்டியில் ராக்கர் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. பின்னைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். ஹைட்ராலிக் ஆயில் மாற்றவே தேவைப்படவில்லை, செலவு மிச்சம்.

எதிர்பாராத ஒன்று: பிறகு கலப்பை குதிக்க ஆரம்பித்தது. டாப் லிங்க், ராக்கர் பின்னிலிருந்து தூரமான துளையில் மாட்டியிருந்தது. தூரம் கூடினால் நெம்புவிசையும் கூடும், சின்னத் தள்ளலுக்கே தூக்கிவிடும். ஒரு துளை கிட்டே மாற்றியதும் அடங்கியது.

ரோட்டவேட்டருக்கு (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) இதெல்லாம் வேண்டாம், பொசிஷன் லீவரிலேயே ஓட்டுங்கள். அது டிராக்டரை முன்னே தள்ளும் கருவி. டிராஃப்டுக்குப் பிடிக்க இழுவிசையே இருக்காது.