பிரஷரில் தாங்குகிறது, வேக்யூமில் கசிகிறது: சென்சார் மாட்டும் இடத்தில் என்ன தவறு?

ஆவிக்கலன்:

வணக்கம். அறுவைக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் 110 லிட்டர் ஸ்டீம் ஆட்டோகிளேவ் ஒன்றுக்குப் பிரஷர் சென்சார் உட்காரும் பகுதியை நான்தான் டிசைன் செய்தேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சேம்பர் (கருவிகளை வைக்கும் உள்ளறை) சுவர் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூடு நேராகச் சென்சாருக்கு ஏறக்கூடாது என்பதற்காக நடுவில் பீக் பிளாஸ்டிக்கில் ஒரு அடாப்டர். அடாப்டருக்கும் சுவருக்கும் இடையே 3.53 மி.மீ. தடிமனுள்ள இ.பி.டி.எம். ரப்பர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்). ஸ்டீல் முகத்தில் ரிங் உட்கார 2.6 மி.மீ. ஆழத்துக்குக் குரூவ் (பள்ளம்). நான்கு போல்ட்.

புதிதாக மாட்டியபோது எந்தக் குறையும் இல்லை. 134 டிகிரியில் 200 சைக்கிள் ஓடிய பிறகு வேக்யூம் லீக் டெஸ்டில் (சேம்பர் காற்றை உறிஞ்சிவிட்டுக் கசிவு பார்ப்பது) பிரஷர் நிமிடத்துக்கு 3.1 மில்லிபார் ஏறுகிறது. பெரிய ஸ்டீம் ஸ்டெரிலைசர்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 285 அனுமதிப்பது 1.3 தான். அடாப்டரைக் கழற்றி அந்த இடத்தை ஸ்டீல் பிளக்கால் அடைத்தால் 0.6. ஆக, கசிவு என் பகுதியில்தான். ஆனால் உள்ளே 2.2 பார் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் ஒரு குமிழிகூட வரவில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு முழுக்க ஆறிக் கிடந்தபின் காலையில் எடுக்கும் முதல் டெஸ்ட்தான் தோற்கிறது. இரண்டு சைக்கிள் ஓட்டிவிட்டு எடுத்தால் 1.0-க்குள் வந்துவிடுகிறது. “சூடாக்கிவிட்டு டெஸ்ட் எடுப்பதுதானே வழக்கம், பாஸ் ஆகிறதே” என்கிறார் கூட வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சேம்பருக்குள் போகும் கத்தரி நாளைக்கு ஒருவர் வயிற்றுக்குள் போகப் போகிறது.

காலைஷிப்ட்:

சார், மனம் ஒப்பாதது சரிதான், இதை விட்டுவிடாதீர்கள். நான் 14 வருடமாக ஸ்டெரிலைசேஷன் பிரிவில் வேலிடேஷன் பார்க்கிறேன். டிசைன் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், டெஸ்ட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். சேம்பருக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தாலும் வேக்யூமில் அது ஆவியாகிப் பிரஷரை ஏற்றும். பார்த்தால் கசிவு மாதிரியே இருக்கும். 20 டிகிரியில் நீராவி அழுத்தம் 23 மில்லிபார், 40 டிகிரியில் 74. எண்ணை மட்டும் பார்க்காமல் கிராஃபைப் பாருங்கள். நிஜக் கசிவு நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும், ஈரம் என்றால் கோடு வளைந்து ஓரிடத்தில் படுத்துவிடும். 70 மில்லிபாருக்குக் கீழே இறக்கி, 5 நிமிடம் அடங்க விட்டு, அதற்குப் பிறகு 10 நிமிடம் அளக்கச் சொல்வதே இந்த மாதிரி ஏமாறாமல் இருக்கத்தான்.

ஆனால் உங்களுக்கு நடப்பது தலைகீழ். ஈரம் பெரும்பாலும் சைக்கிள் ஓடி முடிந்ததும் தொல்லை தரும், உங்களுக்கோ அப்போதுதான் பாஸ் ஆகிறது. ஆகவே நிஜமாகவே எங்கோ காற்று நுழைகிறது.

நுழைந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். 134 டிகிரி சுத்த ஸ்டீமுக்கு 3.04 பார், அதாவது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. அதில் 0.3 பார் காற்றாக இருந்தால் மீதி ஸ்டீம் 2.74 பார்தான், வெப்பநிலை 130 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். பிரஷரை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். காற்று சீராகக் கலந்தும் நிற்காது, குழாய் போன்ற கருவிகளின் உட்புறத்தில் போய்த் தேங்கும். அங்கே ஸ்டீம் போகாது. உலர்த்தும் கட்டத்தில் கசிந்தால் இன்னும் மோசம், ஃபில்டரைத் தாண்டாத அறைக்காற்று ஸ்டெரைல் ஆன கருவி மேலேயே படிகிறது.

ரப்பர்பட்டறை:

சீல் டிசைன்தான் என் தொழில். நண்பரே, உங்கள் குரூவில் ஓ-ரிங் எந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது? வெளிச்சுவரை என்றுதான் நினைக்கிறேன். உள்ளே பிரஷர் என்று நினைத்து வரைபவர்கள் அப்படித்தான் வரைவார்கள்.

2.2 பார் ஏற்றும்போது அந்த அழுத்தமே ரிங்கை வெளிச்சுவரில் அமுக்கி அடைத்துவிடுகிறது. எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு இறுக்கம். குமிழி எப்படி வரும்? வேக்யூமில் தள்ளுவது வெளிக்காற்றின் 1 பார் மட்டும், அதுவும் உள்நோக்கி. உள்சுவர் தள்ளி இருந்தால் ரிங்குக்குச் சாய இடமில்லை. ஆட்டோகிளேவோ ஒவ்வொரு சைக்கிளிலும் வேக்யூம், ஸ்டீம், வேக்யூம் என்று மாறி மாறிப் போகிறது. ரிங் அங்கும் இங்கும் நகர்ந்து தேய்கிறது.

சூடு விஷயத்துக்கும் விளக்கம் உண்டு. ஸ்டீலைவிட இ.பி.டி.எம். சுமார் 10 மடங்கு விரியும். 20-லிருந்து 134 டிகிரிக்குப் போனால் கன அளவில் 5 சதவீதத்துக்கு மேல் பெருக்கும். அந்த வீக்கம் ஓட்டையை மறைக்கிறது, ஆறினால் திறந்துவிடுகிறது. பீக்கும் ஒரு சந்தேகம். அதன் கிளாஸ் டிரான்சிஷன் (பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலை) 143 டிகிரி, நீங்கள் அதற்கு 9 டிகிரி கீழே, போல்ட் இறுக்கத்தில் வைத்து ஓட்டுகிறீர்கள். ஸ்டீலைப்போல் 3 மடங்கு விரியப் பார்க்கும், போல்ட் விடாது, மெல்ல மெல்லத் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். ஆறியதும் போல்ட் லூஸ்.

நாளை காலை ஆறிய நிலையில், 2.2 பார் வேண்டாம், வெறும் 0.1 பார் வைத்து நுரை தடவுங்கள். பிறகு ரிங்கை எடுத்து அதன் உயரத்தை அளந்து சொல்லுங்கள். சிலிக்கான் கிரீஸ் தடவிப் பாஸ் ஆக்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம், நாலு சைக்கிளில் ஸ்டீம் அதைக் கழுவிவிடும்.

ஆவிக்கலன்:

0.1 பாரில் இரண்டு போல்ட்டுக்கு நடுவே பொடிப்பொடியாகக் குமிழி வந்தது! மூன்று வாரம் 2.2 பாரிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரிங்கை எடுத்தேன். வட்டமாக இருந்தது ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. உயரம் 2.8 மி.மீ. 3.53-ஐ 2.6 வரை அமுக்கியிருந்தேன், அதாவது 0.93. திரும்பி வந்தது 0.2 மட்டும். கம்ப்ரஷன் செட், அதாவது அமுக்கியதில் திரும்பி வராமல் போனது, கிட்டத்தட்ட 80 சதவீதம். நீங்கள் சொன்னது போலவே ரிங் வெளிச்சுவரில்தான் இருந்தது, உள்பக்கம் 0.6 மி.மீ. இடைவெளி. போல்ட் நான்கில் மூன்று கையாலேயே சுழன்றன.

புது டிசைனில் சீல் முகத்தில் பீக் இல்லை. அடாப்டர் முழுக்க 316எல், சூட்டைக் குறைக்கக் கழுத்தை நீளமாக்கியிருக்கிறேன். ரிங் உள்சுவரைக் கவ்வி உட்காரும்.

ரப்பர்பட்டறை:

கழுத்து நீண்டால் உள்ளே தண்ணீர் தேங்கும். சேம்பர் பக்கமாகச் சரித்து வையுங்கள், தானே வடியட்டும். உள்துளையும் குறுகலாக வேண்டாம், நீளம் விட்டத்தைப்போல் 2 மடங்குக்குள் இருந்தால் ஸ்டீம் அடிவரை போகும். ரப்பர் வாங்கும்போது பெராக்சைடு க்யூர் செய்த (பெராக்சைடால் இறுக வைத்த) இ.பி.டி.எம். என்று கேட்டு வாங்குங்கள், சல்ஃபர் க்யூர் ஸ்டீமில் சீக்கிரம் தட்டையாகும். வீங்க இடம் வேண்டுமே, ரிங் குரூவில் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பக்கூடாது.

காலைஷிப்ட்:

ஒரு வேண்டுகோள். இனி இந்தப் பகுதியைச் சேம்பரில் வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். 110 லிட்டரில் நிமிடத்துக்கு 1.3 மில்லிபார் என்பது 0.1 மி.மீ.க்குச் சற்று மேல் விட்டமுள்ள துளைக்குச் சமம், கதவு காஸ்கெட், வால்வு எல்லாம் சேர்ந்து. அதில் உங்கள் பங்கு தெரியாது. 50 மில்லி அளவில் ஒரு சின்ன ஜிக் (சோதனைக் கலம்) செய்து வேக்யூமில் தனியாகப் பாருங்கள். நொடிக்கு 0.01 மில்லிபார்-லிட்டர் (ஒரு லிட்டர் இடத்தில் நொடிக்கு 0.01 மில்லிபார் ஏற்றும்) கசிவு சேம்பரில் தெரியவே தெரியாது, ஜிக்கில் நிமிடத்துக்கு 12 மில்லிபாராக ஏறிக் காட்டிவிடும்.

ஆவிக்கலன்:

ஜிக் செய்துவிட்டேன். பழைய அடாப்டரில் ஜிக் வேக்யூம் பிடிக்கவே இல்லை. புதியதில், ஆறிய நிலையில், நிமிடத்துக்கு 0.3. 200 சைக்கிள் தாண்டியும் 0.4-தான். 500 வரை ஓட்டி, ஒவ்வொரு நூறிலும் ரிங் உயரத்தை அளந்து இங்கேயே போடுகிறேன். காலை முதல் டெஸ்டைத்தான் கணக்கில் எடுப்பது என்று கூட வேலை செய்பவரும் ஒப்புக்கொண்டார்.