முதல் டிராக் டே: போலோவுக்கு முன்னால் மட்டும் செமி ஸ்லிக் போடலாமா?

பூந்தமல்லி டிஎஸ்ஐ:
வணக்கம். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டேவுக்கு, அதாவது நம் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பணம் கட்டியாச்சு. எனக்கு இதுதான் முதல் தடவை. வண்டி 2020 போலோ 1.0 டிஎஸ்ஐ. இன்ஜின் ரீமேப், சஸ்பென்ஷன் எதிலும் கை வைக்கவில்லை. டயர் 195/55 ஆர்16, கம்பெனியில் வந்ததே. 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்னால் 3 மி.மீ. த்ரெட் (பள்ளத்தின் ஆழம்), பின்னால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

நண்பரிடம் இதே அளவில் பழைய செமி ஸ்லிக் (டிராக்குக்கான அதிகப் பிடிப்பு டயர்) இரண்டு சும்மா கிடக்கின்றன. பக்கச்சுவரில் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 100 என்று இருக்கிறது. "இழுக்குறதும் முன் சக்கரம், திரும்புறதும் முன் சக்கரம், பிரேக்கும் முக்கால்வாசி அங்கதான். முன்னால ரெண்டு போட்டுக்கோ, போதும்" என்கிறார். டயர் கடைக்காரரோ நாலையும் 205/55க்கு மாற்றச் சொல்கிறார். பட்ஜெட் 35,000. எதைச் செய்வது?

மூன்றாம் கியர்:
முன்னால் மட்டும் செமி ஸ்லிக் வேண்டவே வேண்டாம் ப்ரோ. இருப்பதிலேயே ஆபத்தான யோசனை அதுதான். முன்னால் பிடிப்பு அதிகமாக இருப்பதால் வளைவுக்குள் இன்னும் வேகமாகப் போவீர்கள். அந்த வேகத்தைப் பின் டயர் தாங்காது. நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், வண்டி சுற்றிவிடும். மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து வரும் சி1 வேகமான வளைவு. புதிதாக வருகிறவர்களுக்குக் கால் தானாக மேலே வருகிற இடமும் அதுதான்.

கோன் இடிப்பவன்:
இது கொஞ்சம் அதிகப்படியான பயம். மைதானத்தில் கோன் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸில் முன்சக்கர வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே நல்ல ஜோடியை முன்னால் போடுவார்கள். பின்பக்கம் லேசாக விலகினால்தான் போலோ மாதிரி வண்டி மடங்கித் திரும்பும். நானே அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பேடாக் பெரிசு:
கோன் தம்பி சொல்வதும் உண்மைதான், ஆனால் அது மைதானத்துக்குப் பொருந்தும். கோன்களுக்கு நடுவே 50, 60 கி.மீ. வேகத்தில் பின்பக்கம் விலகினால் ஒரு கோன் விழும், அவ்வளவுதான். இது 3.717 கி.மீ. டிராக். மூன்று இலக்க வேகத்தில் அதே விலகல் வந்தால் வண்டி புல்லில் போய் நிற்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். முதல் நாளே ஓவர்ஸ்டியரை, அதாவது இப்படிப் பின்பக்கம் விலகுவதை, பிடிக்கத் தெரிந்தவர் இங்கே வந்து கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

பூந்தமல்லி தம்பி, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள் என்ன? முதல் இரண்டு எண் எந்த வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருடம் செய்தது என்பது. உங்கள் டயர், நண்பரின் டயர் இரண்டிலும் பாருங்கள். அப்புறம் எங்காவது பஞ்சர் போட்டிருக்கிறதா, எந்த இடத்தில்?

பூந்தமல்லி டிஎஸ்ஐ:
பார்த்தேன் அண்ணா. என் டயர் நாலிலும் 0820. நண்பருடையது 3117. வலது பின் டயரில் ஒரு பஞ்சர், வெளியிலிருந்து ஸ்ட்ரிப் குத்தியது, த்ரெட்டின் ஓரத்தில் தோளுக்குப் பக்கத்தில். டார்ச் அடித்துப் பார்த்தால் முன் டயர்களில் பள்ளத்தின் அடியில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன.

பேடாக் பெரிசு:
அப்படியானால் கேள்வியே மாறிவிட்டது. நண்பரின் டயர் 2017ஆம் வருடத்தின் 31ஆவது வாரத்தில் செய்தது. செமி ஸ்லிக் ரப்பர் சூடாகி ஆற ஆற இறுகும். த்ரெட் பார்க்க நன்றாக இருக்கும், பிடிப்பு இருக்காது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் டயரும் டிராக்குக்கு ஆகாது. தோளில் குத்திய ஸ்ட்ரிப்பை நம்பி வேகமாக வளைக்க முடியாது. வளைவில் எடை முழுக்க ஏறுவது அந்தத் தோளில்தான். நல்ல டிராக் டேவில் பரிசோதகரே திருப்பி அனுப்பிவிடுவார். பள்ளத்தில் வெடிப்பு விட்ட டயரை மழைக்காலத்துக்கு முன் எப்படியும் மாற்ற வேண்டும். அதனால் நாலும் புதுசு, நாலும் ஒரே மாடல். ஆனால் 205 வேண்டாம்.

மூன்றாம் கியர்:
205/55 போட்டால் டயரின் மொத்த உயரம் 11 மி.மீ. கூடும். கியரிங் கொஞ்சம் நீளும், ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறும். இந்த மெத்தென்ற சஸ்பென்ஷனில் கூடுதல் அகலத்தால் பெரிய பலனும் கிடையாது. கடைக்காரருக்கு அந்த அளவில் ஸ்டாக் இருக்கிறது போல!

எந்த டயர் என்றால், சாலை டயரிலேயே ஸ்போர்ட் வகையைக் கேளுங்கள். மிச்செலினில் பிரைமசி சொகுசுக்கு, பைலட் ஸ்போர்ட் பிடிப்புக்கு. பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பொட்டென்சா அதே கதை. உங்கள் அளவில் ஸ்போர்ட் வகை கிடைக்காவிட்டால் நல்ல சொகுசு டயரே போதும். வேகக் குறியீடு வி, அதாவது 240 கி.மீ., இருந்தால் நல்லது. ட்ரெட்வேர் எண்ணைக் கம்பெனிகளே போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொன்றின் 300ஓடு ஒப்பிடாதீர்கள்.

கோன் இடிப்பவன்:
சரி, சி1ல் என் பாச்சா பலிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரேயடியாகப் புது செமி ஸ்லிக் நாலு வாங்கினால் என்ன?

பேடாக் பெரிசு:
முதலில் கிடைக்கட்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அந்த வகை இங்கே அரிது. கிடைத்தாலும் இவருக்கு இப்போது வேண்டாம். சாலை டயர் எல்லையைத் தொடும் முன்பே கத்த ஆரம்பிக்கும். எந்த வளைவில் அதிகமாகத் திருப்புகிறோம், எங்கே அவசரப்படுகிறோம் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே கற்றுக்கொள்ளலாம். செமி ஸ்லிக் பிடிக்கும்வரை பிடித்து, விடும்போது சட்டென்று விடும். மிச்சப் பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். புது டிஓடி 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பழையது 155லேயே கொதித்துவிடலாம். பெடல் ஆழத்துக்குப் போன பிறகு எந்த டயர் இருந்து என்ன?

டயரை இந்த வாரமே போட்டுவிடுங்கள். 8 மி.மீ. புது த்ரெட்டை நேராக டிராக்கில் விட்டால் த்ரெட்டின் ரப்பர் கட்டைகள் நெளிந்து சூடேறி, ஓரம் பிய்ந்து வரும். ஒரு மாதம் ஆபீஸ் போய் வந்தாலே மேல்தோல் போய்ப் பதமாகிவிடும். வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். முதல் செஷன் முடிந்து, சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

பூந்தமல்லி டிஎஸ்ஐ:
காற்று எவ்வளவு அண்ணா? நான் 33 வைப்பது வழக்கம். நைட்ரஜன் அடிக்கணுமா?

பேடாக் பெரிசு:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசைச் சேமியுங்கள். சூட்டில் சுமார் ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ ஏறும். சென்னை வெயிலில் 33ல் கிளம்பினால் ஒரு செஷனில் 40ஐத் தொட்டுவிடும். டயர் பலூன் மாதிரி நடுவில் நிற்கும், வழுக்கும். காலையில் 30 வையுங்கள். பிட்டுக்குள் வந்த கையோடு, டயர் ஆறும் முன் அளந்து 36க்கு மேல் உள்ளதை இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஒரு சாக்பீஸ் கொண்டுபோங்கள். த்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் குறுக்காக ஒரு கோடு. செஷன் முடிந்து பார்க்கும்போது கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். அழிவு விளிம்புக்கு வரவே இல்லையென்றால் காற்று அதிகம். பெரும்பாலான டயர்களில் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், கோடு அதுவரை அழிந்தால் சரி. மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி 33 அடித்துக்கொள்ளுங்கள். சூட்டில் இறக்கியது ஆறிய பிறகு நெடுஞ்சாலைக்குக் குறைவாகிவிடும்.

பூந்தமல்லி டிஎஸ்ஐ:
போய் வந்துவிட்டேன்! நாலும் ஒரே ஸ்போர்ட் மாடல், 195தான். மதியம் அளந்தபோது முன் டயர் 38, இறக்கியதும் வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. சி1ல் ஒரு தடவை கால் மேலே வந்தது, வண்டி ஆடவில்லை. இப்போது ஒரு சந்தேகம். இடது முன் டயரின் வெளித்தோள் மட்டும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கிறது. அலைன்மென்ட் போய்விட்டதா?

மூன்றாம் கியர்:
இல்லை ப்ரோ. டிராக் கடிகார திசையில் ஓடுவது, வலது வளைவுகள் அதிகம், எடை எல்லாம் இடது முன்னால்தான் ஏறும். ஸ்டாக் போலோவில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) குறைவு, அதனால் தோளில் நிற்கிறது. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். சுழல் திசை அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும். அடிக்கடி போவதாக இருந்தால் கேம்பர் போல்ட் போடலாம். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், நிறைய பேச வேண்டியிருக்கும்.