எர்ணாவூர்: பையனுக்கு விடாத இருமல், மாமனாருக்கு நெஞ்சுவலி. காற்றுதான் காரணமா?

செல்வி_எர்ணாவூர்:
எங்கள் வீடு வடசென்னையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டாவது தெரு. ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், இன்ஜினை அணைக்கவே மாட்டார்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால் விரல் கறுத்துவிடும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கத்துக் காற்று வீசினால் கேஸ் வாடை வேறு.

பையனுக்கு ஆறு வயது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து விடியற்காலையில் இருமல், படுத்தால் நெஞ்சு இழுக்கிறது. டாக்டர் வீசிங் என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பழகிவிட்டால் விடவே முடியாது என்று யாரோ சொன்னதால் மாமியார் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். மாமனாருக்கு இருமலே கிடையாது. ஆனால் போன மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். காற்றுதான் காரணம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வர வேண்டாமா? இப்போதைக்கு வீடு மாற்ற வழியில்லை.

தங்கம்_குழந்தைகள்வார்டு:
முதலில் இன்ஹேலரைக் கொடுத்துவிடும்மா. அது போதைப் பழக்கம் மாதிரி ஒட்டிக்கொள்ளாது. சிரப்பைவிடக் குறைந்த அளவு மருந்து, நேராக நுரையீரலுக்கே போகிறது. ஆறு வயதுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய், கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்.

ஒரே காற்று ஏன் ஆளுக்கொரு விதமாகத் தாக்குகிறது? டீசல் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் பி.எம். 2.5 என்ற நுண்துகள் இருக்கிறது. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு அதைத் தடுக்காது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு இந்தத் துகள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, வருடக்கணக்கில் ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அப்படியும் வரலாம். உன் மாமனாருக்குச் சர்க்கரையோ பீடியோ இருந்தால் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.

அப்புறம், கொசுவர்த்தி ஏற்றுகிறாயா? ஒரு சுருளிலிருந்து வருவது ஒரு பாக்கெட் சிகரெட்டைவிட அதிக நுண்துகள். உடனே நிறுத்தி வலை கட்டு. லாரி நிற்கும் பக்கத்து ஜன்னலை ராத்திரி சாத்து. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடை.

வடகரை_மணி:
காற்றின் தரத்தைக் காட்டும் சமீர் செயலியில் மணலி நிலையம் இருக்கிறது, பாருங்கள் சகோதரி. ஆனால் பச்சை நிறத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பி.எம். 2.5 அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 30 மைக்ரோகிராம் வரை பச்சைதான் காட்டும். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு 15 தான் என்று 2021-ல் சொல்லிவிட்டது. நம் நாட்டு வரம்பு இன்னும் 60.

இன்னொன்று. லண்டனில் வண்டிகள் ஓயாத சாலை அருகே வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா விடாமல் போராடியதால் 2020 டிசம்பரில் காற்று மாசும் மரணக் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. நம் ஊர் ஓ.பி. சீட்டில் வீசிங் என்று மட்டும்தான் இருக்கும், எந்தத் தெரு, என்ன புகை என்று இருக்காது. இருமல் வந்த நாள், வாடை வந்த நேரம், லாரி நின்ற நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதும்போது தேதி, நேரத்தோடு போனால்தான் மதிப்பு. உங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் குறித்தால் இன்னும் நல்லது.

செல்வி_எர்ணாவூர்:
ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன், சரி கொடு என்று சொல்லிவிட்டார். பள்ளியில் பி.டி. பீரியடில் ஓட விடலாமா?

தங்கம்_குழந்தைகள்வார்டு:
விடலாம்மா, இருமல் அடங்கியிருந்தால் ஓடட்டும். ஓடுவதற்கு முன் பஃப் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். கேஸ் வாடை அடிக்கிற நாளில் மட்டும் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று டீச்சரிடம் எழுதிக் கொடு.