ஷிரின் நேஷத் பாதிப்பில் எடுத்த படங்கள்: எங்கே சறுக்குகிறேன்?

தென்காசிக்காரன்:
கல்யாண போட்டோதான் பிழைப்பு. இரண்டு வருடமாக, அம்மா பீடி சுற்றுவதைக் கருப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். போன வருடம்தான் ஈரானில் பிறந்த கலைஞர் ஷிரின் நேஷத்தின் ‘அல்லாவின் பெண்கள்’ (1993–97) படங்களைப் பார்த்தேன். முகம், கை, பாதம் எல்லாவற்றின் மேலும் பாரசீக எழுத்து. பிரிண்ட் போட்டு, அதன்மேல் மையால் எழுதியிருக்கிறார். ஒரு படத்தில் துப்பாக்கிக் குழல் கம்மல் மாதிரி காதோரம் நிற்கிறது. நாலு நாள் தூக்கம் போயிற்று.

நானும் அம்மாவின் கைப் படங்களில் பாரதியார் வரிகளை எழுதினேன். பன்னிரண்டு பிரிண்ட். நண்பன் பார்த்துவிட்டு "காலண்டர் மாதிரி இருக்குடா" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான். எங்கே தப்பு?

இருட்டறை:
தம்பி, பாரசீகம் தெரியாதவனுக்கு அந்த எழுத்து கோலம் மாதிரி. தமிழை நாம் வாசித்துவிடுகிறோம். வாசித்ததும் கை மறைந்து வரிதான் நிற்கும். எழுத்தைப் பொடியாக்கிப் பாருங்கள்.

கண்ணாடிவளையல்:
பொடியாக்கினால் பொடி எழுத்துக் காலண்டர், அவ்வளவுதான். நேஷத் எழுதியவை ஃபொரூக் ஃபரோக்சாத், தாஹிரே சஃபார்சாதே கவிதைகள். இரண்டு பேரும் ஈரானியப் பெண்கள். முன்னவர் 1979 ஈரான் புரட்சிக்கு வெகு முன்பே, 1967இல் இறந்துவிட்டார். பின்னவர் புரட்சியை ஆதரித்துப் பாடியவர். துப்பாக்கி பிடித்த அந்தப் பெண்ணுக்குள் இருக்கிற இழுபறி வரிகளிலும் இருக்கிறது. உங்கள் அம்மா கையில் பாரதிக்கு என்ன வேலை? அம்மா சம்பந்தப்பட்ட எழுத்து வீட்டில் எதுவுமே இல்லையா?

தென்காசிக்காரன்:
அக்கா, இருந்தது. பீடிக்கடை பாஸ்புக். இலை, தூள், கொடுத்த பீடி, சரியில்லை என்று கடையில் கழித்த பீடி என்று பக்கம் பக்கமாக வேறொருவர் கையெழுத்து.

அதைப் பார்த்து நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அப்புறம் பிரிண்டையும் பேனாவையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். "எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தானே தெரியும்" என்றாள். நம்பர் தெரியுமே, கழித்ததை மட்டும் எழுது என்றேன். "அதான் காசைப் பிடிச்சாச்சே, இன்னும் எதுக்கு?" என்று முனகிக்கொண்டே சுளகைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினாள். மணிக்கட்டில் தொடங்கி, இடம் போதாமல் கட்டைவிரல் வரை ஏறிவிட்டது. ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியும் இருக்கிறாள்.

மை காயட்டும். ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.