கடற்காற்று அடிக்கும் வீட்டில் மல்டி ஜிம்மா, ராடும் பிளேட்டுமா?

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிப் பக்கம். வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனி, ஆடியில் இரைச்சல் மட்டும் ராத்திரி முழுக்கக் கேட்கும். கேபிளில் எடையை இழுத்துப் பல உடற்பயிற்சி செய்யும் மெஷினான மல்டி ஜிம் வாங்கும்போது நான் கணக்கில் எடுக்காத ஒரே விஷயம் அந்தக் காற்றுதான்.

2021-ல் வாங்கினேன். 72 கிலோ எடை அடுக்கு. பின்னை மாற்றிச் செருகினால் எடை மாறும். எனக்கு மட்டுமில்லாமல் அப்பா, அம்மாவுக்கும் உதவும் என்று நினைத்து, கார் ஷெட்டை மூன்று பக்கமும் அடைத்து அதில் போட்டோம். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்த சமயம். மேல் பாரை இழுக்கும்போது கேபிள் நடுவில் ஒருமுறை திக்கி நகர்ந்தது. புல்லியில் வளையும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் உறை முடி அளவுக்குக் கீறியிருந்தது. கீறலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. துணியால் துடைத்தேன், அறுந்த கம்பி இழை ஒன்று துணியில் மாட்டிக்கொண்டது. அப்பா தினமும் அந்த பாரை முகத்துக்கு மேலிருந்து நெஞ்சு வரை இழுப்பவர். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

விற்ற கடையில் கேட்டால் வெளியூரிலிருந்து வரணும், பார்க்கலாம் என்றார்கள். இரண்டு மாதம் அதே பதில். கடைசியில் குளச்சலில் படகு வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் கழற்றிக் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு வளை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உறைக்குள்ள உப்புத்தண்ணி நிக்கும் மக்கா. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தின்னுட்டு இருக்கும்." துருவேறாத ஸ்டீல் கேபிள் வாங்கி, இரண்டு முனையையும் அழுத்திக் கட்டிக் கொடுத்தார்.

அந்த இடைவெளியில்தான் தக்கலையில் மச்சான் வீட்டுக்குப் போய், இரு முனையிலும் எடை பிளேட் மாட்டித் தூக்கும் ராடைத் தொட்டேன். மெஷினில் 60 கிலோ தள்ளிக்கொண்டிருந்தவன், அங்கே 40 கிலோவைச் சமாளிக்க முடியாமல் ஆடினேன். மெஷினில் எடை கம்பி போட்ட பாதையிலேயே ஏறி இறங்கும், விலகாது. ராடு எந்தப் பக்கமும் சாயும். அதைச் சாயாமல் பிடிப்பதே பாதி வேலை. அதோடு, சில மெஷின்களில் கேபிள் சுற்றி வரும் விதத்தால் அடுக்கில் எழுதியிருக்கும் எடையில் பாதிதான் கைக்கு வரும். இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

அப்புறம் சொந்தமாக ராடு, பெஞ்ச், பிளேட் வாங்கினேன். சிமெண்ட் அடைத்த பிவிசி பிளேட் விலை குறைவு, ஆனால் கீழே விழுந்தால் வெடிக்கும்; வார்ப்பிரும்பே எடுத்தேன். தரைக்கு மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் தடித்த ரப்பர் மேட் போதும், ரப்பர் விளையும் நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? ராடிலும் துரு வரும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற துரு அது. கம்பி பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பிடிக்கும் இடத்தை வழுக்காமல் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் தனியாகப் படுத்துச் செய்யும்போது 50 கிலோ நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பிளேட் கழன்றுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் பூட்டு இறுக்கியிருந்தேன்; அதனால் சாய்த்துத் தள்ளவும் முடியவில்லை. அம்மா ஓடிவந்து ஒரு முனையைத் தூக்கினாள். அன்றிலிருந்து ஆள் இல்லாமல் பெஞ்ச் இல்லை. இருபுறமும் தாங்குகம்பி உள்ள ஸ்டாண்டு இருந்தால் தனியாகச் செய்பவர்களுக்கு நல்லது.

கடலோரத்தில் இருந்துகொண்டு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ராடும் பிளேட்டும் எடுங்கள் என்பேன். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். மெஷினில் ஒரேயடியாக ஐந்து கிலோ கூடும்போது அம்மாவின் தோள் தாங்கவில்லை, இதில் மெல்ல ஏற்றிக்கொண்டாள். நின்று தலைக்கு மேல் தூக்குவதாக இருந்தால் ஃபேன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலிலேயே அளந்துவிடுங்கள்.

மெஷினை நான் விற்கவில்லை. தோள் வலியுள்ள அப்பாவுக்கு உட்கார்ந்து இழுக்க அதுதான் சரி. ஒவ்வொரு ஞாயிறும் அவர் உட்காருவதற்கு முன்னால் கேபிளை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிப் பார்த்துவிடுகிறேன்.