ராத்திரி குடித்தால் 3 மணிக்கு விழிப்பு, பகலெல்லாம் அசதி: அட்ரீனல் பிரச்சினையா?

கேள்வி:
வணக்கம். வயது 41. வாரத்தில் நாலைந்து நாள் ராத்திரி இரண்டு பெக் விஸ்கி. படுத்ததும் தூங்கிவிடுவேன். ஆனால் 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும், நாக்கு வறண்டிருக்கும், பனியன் வியர்வையில் நனைந்திருக்கும். பிறகு விடியும்வரை புரண்டு படுப்பதுதான். காலையில் இரண்டு காபி குடித்தாலும் மந்தமாகவே இருக்கிறது. 'அட்ரீனல் களைப்பு' என்று எங்கோ படித்து, அதற்கென விற்கும் மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
சகோ, முதலில் அந்த மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள். இந்த ரகத்தில் சிலவற்றில் லேபிளில் சொல்லாத தைராய்டு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இருந்ததை ஆய்வகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 'அட்ரீனல் களைப்பு' என்ற நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அப்படியெல்லாம் களைத்துப் போகாது.

உங்களுக்கு நடப்பது வேறு. மது முதலில் மூளையை அமுக்கித் தூங்கவைக்கும். ரத்தத்திலிருந்து அது இறங்க இறங்க, அமுங்கியிருந்த நரம்புகள் துள்ளி எழும். அட்ரீனலும் கூடச் சேர்ந்துகொள்ளும். விடியலில் ஏற வேண்டிய கார்டிசோல் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) நேரம் தப்பி ஏறலாம். படபடப்பும் வியர்வையும் அதனால்தான். மது சிறுநீரையும் அதிகம் பிரியவைக்கும், நாக்கு வறள்வது அதனால். ஆறு மணிநேரம் படுத்திருந்தாலும் உருப்படியான தூக்கம் குறைவாகத்தான் தேறும். மூன்று வருஷம் நானும் இப்படித்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். அட்ரீனல் நிஜமாகவே பழுதானால் (அடிசன் நோய்) எடை குறையும், எழுந்து நின்றால் கண் இருட்டும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கருக்கும், உப்பு தின்னத் தோன்றும். இவை இருந்தால் காலை 8 மணி வாக்கில் கார்டிசோல் பரிசோதனை செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, கல்லீரல் போதும்.

முக்கியமானது: குடிக்காத நாளில் கை நடுங்குமா? நடுங்கினால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்புவரை போகலாம். டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நடுக்கம் இல்லை. மாத்திரை டப்பாவை டாக்டரிடம் காட்டினேன், அவர் சொன்னபடி விட்டுவிட்டேன். குடிக்காமல் 16 நாள் ஆகிறது. முதல் நாலு ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை, பயந்துபோனேன். ஒன்பதாம் நாள் கண் விழித்தபோது மணி 5:40. ஆனாலும் மதியம் அசதி முழுசாகப் போகவில்லை.

பதில் 2:
ரத்தப் பரிசோதனை?

கேள்வி கேட்டவர்:
நேற்று வந்தது. பி12 ரொம்பக் குறைவு, மற்றதெல்லாம் சரி. நாளை முதல் ஊசி.